மடிக்கணினியின் முதல் ஆணை

மும்பையின் துறைமுக வழித்தட மின்தொடர்வண்டி செம்பூரையும் கோவண்டியையும் கடந்தால் அடுத்த நிறுத்தம் மான்குர்த். அங்கே புரவ் சாலையின் ஓரமாக ஓமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1974இல் தோன்றிய அம்மையம், கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை. அத்தாய் நிறுவனத்தில்தான் இந்திய மண்ணிலேயே வடிவமைக்கப்பட்ட தொடக்ககால எண்முறைக் கணினியான டிஃப்ராக் உருவாயிற்று. அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1960இல் முழு அளவில் பணிக்கு வந்த அக்கணினியின் நினைவகம் 2048 சொற்களைத் தாங்கியது. சொல் ஒன்றுக்கு 40 இருமங்கள். பெருக்கிப் பார்த்தால் பத்துக் கிலோபைட். நாட்டின் ஆராய்ச்சியாளர்கள் தம் பெருங்கணக்குகளை அந்தப் பத்துக் கிலோபைட்டுக்குள் போட்டு விடை கண்டார்கள்.

இன்று தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக் கடைகளிலும் கிராண்ட் ரோடு நிலையத்தருகே உள்ள லேமிங்டன் சாலையிலும் கைமாறும் மிக மலிவான மடிக்கணினியில்கூட 2 கிகாபைட் நினைவகம் உண்டு. டிஃப்ராக்கைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு. அத்தகைய பொறியைத்தான் 'ஹேங் ஆகிறது' என்று சொல்லி நாம் பரணில் ஏற்றுகிறோம். சில காலம் கழித்து அது தாராவியின் பதின்மூன்றாம் வளாகத்துக் கழிவுக் குவியலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அதன் நெகிழிக் கூடு உடைத்துத் தூளாக்கப்படுகிறது. பொறி வலுவிழந்ததால் அன்று. அதன்மேல் ஏற்றிய சுமை மிகுந்ததால்.

சுமை என்று நான் சொல்வது இயங்குதளத்தை. தாராவியில் பத்துக்குப் பத்து அடி ஒற்றையறை வீடு ஒன்றில் ஆறு பேர் வாழும் முறையைக் கண்டவர்களுக்கு இயங்குதளம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. காலையில் அந்த இடம் அடுக்களை. பகலில் தையற்பொறி ஓடும் தொழிற்கூடம். மாலையில் பிள்ளைகள் படிக்கும் அறை. இரவில் பாய் விரிக்கும் கூடம். எந்நேரத்தில் எந்த மூலை யாருக்கு, எந்தப் பொருள் பரணுக்கு, எது கைக்கெட்டும் இடத்தில் என்பதை வீட்டில் ஒருவர் ஓயாது வகுத்துக்கொண்டே இருக்கிறார். கணினியில் அப்பணியைச் செய்வது இயங்குதளம். செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் அது நிரல்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. வகுப்பவர் தமக்கே பாதி அறையை எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். மலிவு மடிக்கணினியில் நடப்பது அதுதான்.

2014ஆம் ஆண்டை ஒட்டி இந்தியச் சந்தைக்கு வந்த பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் மடிக்கணினிகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை: இன்டெல் ஆட்டம் செயலி, 2 கிகாபைட் நினைவகம், தாய்ப்பலகையிலேயே பற்றவைத்த 32 கிகாபைட் சேமிப்புச் சில்லு. சேமிப்பைக் கழற்றிப் பெரிதாக்க முடியாது. விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பு, தன் புதுப்பிப்புகளுக்கென்றே ஏறத்தாழ 7 கிகாபைட் இடத்தை ஒதுக்கி வைக்கும் ஏற்பாட்டோடு வந்தது. 2021இல் வெளியான விண்டோஸ் 11, குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பும் பாதுகாப்புத் தொகுதியும் வேண்டும் என்றது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் நின்றது. திரை ஒளிர்கிறது, விசைகள் தட்டினால் தட்டுகின்றன; ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத பொறியை இணையத்தில் விடுவது வீட்டைப் பூட்டாமல் போவதற்கு ஒப்பாகும்.

ஆகவே லினக்ஸ் போன்ற கட்டற்ற மாற்று இயங்குதளம். சொல்ல எளிது. ஆனால் பொறி புதிய தலைவனை ஏற்குமா என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. மின்விசையை அழுத்திய முதல் நொடி தீர்மானிக்கிறது. அந்த நொடிக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

மின்சாரம் பாய்ந்ததும் செயலிக்கு எதுவும் தெரியாது. வட்டு என்ற ஒன்று இருப்பதோ, திரை இருப்பதோ, விண்டோஸ் என்னும் பெயரோ அது அறியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. இன்டெல் வழிவந்த செயலிகளில் அது 4 கிகாபைட் எல்லைக்குப் பதினாறு பைட் கீழே உள்ள இடம். அங்கே எழுதியிருக்கும் ஆணையை அது எடுத்து நிறைவேற்றும். அந்த முகவரி சுட்டுவது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லை; பெரும்பாலும் சில மெகாபைட் அளவுதான் இருக்கும். அதற்குள் தயாரிப்பாளர் பதித்து அனுப்பிய நிரலே நிலைபொருள். பழைய தலைமுறையினர் பயாஸ் என்றனர். இன்றைய வடிவம் யுஇஎஃப்ஐ. நினைவகத்தைச் சோதிப்பதும், விசைப்பலகையை எழுப்புவதும், இணைந்துள்ள சேமிப்புகளை எண்ணுவதும் இதன் வேலை. பிறகு அது ஒவ்வொரு சேமிப்பிலும் ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் திறந்து, குறிப்பிட்ட பெயருடைய ஒரு கோப்பைத் தேடுகிறது. கிடைத்தால், ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அக்கோப்பு தொடக்க ஏற்றி. அது இயங்குதளத்தின் கருவகத்தை நினைவகத்தில் ஏற்றுகிறது. கருவகம் எழுந்தபின்தான் நாம் காணும் திரையெல்லாம்.

இச்சங்கிலியில் உள்ளகச் சேமிப்புக்கு முன்னால் விரலியைக் கேட்குமாறு நிலைபொருளிடம் சொல்லிவிட்டால், பென் டிரைவ் என்று கடையில் நாம் வாங்கும் அச்சிறு பொருளிலிருந்தே ஒரு முழு இயங்குதளம் எழுந்து வரும். மாற்று நிறுவலின் முழு மருமமும் இவ்வரிசை மாற்றத்தில் இருக்கிறது. எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலிட் ஆகிய விசைகளுள் ஒன்றை, பொறி விழிக்கும் கணத்தில் விடாமல் தட்டினால் அவ்வரிசை திறக்கும்.

ஆனால் மேலே சொன்ன மலிவு மடிக்கணினிகளுள் பலவற்றில் விரலியைச் செருகினாலும் நிலைபொருள் அதைக் கண்டுகொள்ளாது. பலர் அங்கேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். காரணம் நுட்பமானது, அறிந்துவிட்டால் அச்சமில்லை. அவற்றின் செயலி 64 இருமச் செயலி. ஆனால் 32 இரும விண்டோசை ஏற்றி விற்பதற்காக, தயாரிப்பாளர்கள் அதற்கு 32 இரும நிலைபொருளைப் பதித்துவிட்டார்கள். 64 இரும லினக்ஸ் விரலியில் பூட்-எக்ஸ்-64 என்னும் கோப்பு இருக்கும்; இந்நிலைபொருளோ பூட்-ஐஏ-32 என்னும் கோப்பைத் தேடும். தேடியது கிடைக்காததால் விரலி வெறுமை என்று முடிவு செய்துவிடும். வீட்டு எண் மாறியதால் அஞ்சல்காரர் மடலைத் திருப்பி எடுத்துப்போவதைப் போன்றது இது; உள்ளே ஆள் இல்லாததால் அன்று.

இம்முடிச்சு அவிழ்ந்த வகை, கட்டற்ற மென்பொருள் வேலை செய்யும் முறைக்கு நல்ல சான்று. 2014இல் லினக்ஸ் கருவகத்தின் 3.15ஆம் பதிப்பு, 32 இரும நிலைபொருளின் மேல் 64 இருமக் கருவகம் நின்று பேசும் வழியைத் தந்தது. 2015இல் லினக்ஸ் வழங்கல்களுள் ஒன்றான டெபியன் தன் எட்டாம் பதிப்பில் அக்கலப்பு முறைக்கென நிறுவல் படிமத்தையே அமைத்து வழங்கியது. வேறொரு குறையும் இருந்தது. அதே வகை ஆட்டம் செயலிகள் லினக்சின்கீழ் ஆழ்ந்த உறக்க நிலைக்குச் சென்றால் சில வேளை விழிக்காமலே உறைந்து போயின. உறக்கத்தின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சொல்லைத் தொடக்க ஆணையில் சேர்த்தால் உறைவது நின்றது. மின்கலம் மட்டும் சற்று விரைவாகத் தீர்ந்தது. இப்பொறிகளை வணிகர்கள் கைகழுவிய பின்னும், அவற்றை வைத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் குறை சொல்லி, சோதித்து, எழுதித் திருத்தினார்கள்.

மலிவு மடிக்கணினி என்னும் எண்ணமே உலகளவில் பிறந்தபோது அது மாற்று இயங்குதளத்தோடுதான் பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தின் எக்ஸ்ஓ பொறி 2007இல் உற்பத்திக்கு வந்தது. 433 மெகாஎர்ட்சு செயலி, 256 மெகாபைட் நினைவகம், 1 கிகாபைட் சேமிப்பு. அதில் ஃபெடோரா லினக்சும், சிறுவர்க்கென வடிவமைத்த சுகர் என்னும் திரைமுகமும் இயங்கின. வெயிலிலும் படிக்கக்கூடிய திரை. விசைப்பலகையில் ஒரு தனி விசை. அதை அழுத்தினால் தான் ஆடிக்கொண்டிருக்கும் நிரலின் மூலவரிகளையே குழந்தை காணலாம். இந்தியாவில் அப்பொறி முதலில் சென்று சேர்ந்தது மும்பைக்கு அண்மையில்தான்: ராய்கட் மாவட்டம், கர்ஜத் வட்டம், கைராத் என்னும் சிற்றூரின் ஓராசிரியர் பள்ளி. அப்பிள்ளைகளோடு தொடர்ந்து இருந்து, பொறி அவர்கள் கற்றலில் என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுள் மான்குர்த் மையத்து ஆய்வாளர்களும் உண்டு.

எக்ஸ்ஓ கதையில் என் வாதத்துக்கு வலுவான ஒரு செய்தி இருக்கிறது. 2008இல் அதே பொறியில் விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றும் முயற்சி அறிவிக்கப்பட்டது. லினக்சும் சுகரும் குழந்தைகளின் ஓவியங்களும் அடங்கியிருந்த 1 கிகாபைட் அதற்குப் போதவில்லை; தனியே ஒரு நினைவக அட்டை செருக வேண்டியதாயிற்று.

பவாயில் உள்ள மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் செய்த பணி இன்னும் நெருக்கமானது. 2012இல் வெளியான ஆகாசு 2 கைக்கணினி ஆண்ட்ராய்டோடு வந்தது. 512 மெகாபைட் நினைவகம் கொண்டது. அக்கழகத்தின் குழுவினர் அதில் முழு லினக்சையும் இயக்கிக் காட்டினர். ஆகாசின் செயலி விழித்ததும் உள்ளகச் சேமிப்பைக் கேட்பதற்கு முன் நினைவக அட்டையைக் கேட்கும் இயல்புடையது. முதல் ஆணையைப் பயனர் தரலாம் என்று வடிவமைப்பே இடம் விட்டிருந்தால், உள்ளே இருப்பதை ஒரு துகளும் கெடுக்காமல் வேறோர் இயங்குதளத்தை ஏற்றிப் பழகலாம். பின்னர், கட்டற்ற மென்பொருளைக் கல்வியில் பரப்பும் அக்கழகத்தின் ஃபாசி திட்டத்தினர், ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் விலையில் லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினியையே மாணவர்க்குப் பரிந்துரைத்து வழங்க முயன்றனர். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னெடுத்த பேச்சுவழிப் பாடங்கள், லினக்சை நிறுவிப் பயன்படுத்தும் முறையைத் தமிழிலும் கற்பிக்கின்றன. திரையில் செயல்முறை ஓட, காதில் தமிழ் விளக்கம் ஒலிக்கும் சிறு சிறு பாடங்கள் அவை. செம்பூரில் தமிழ்வழி படித்துவிட்டுத் தொழிற்கல்விக்குப் போகும் மாணவனுக்கு அவற்றைவிட நல்ல துணை வேறில்லை.

தமிழ்நாட்டிலும் இவ்வழி புதிதன்று. சென்னை சீடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்சை 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒரே பொறியில் அருகருகே அமர்ந்து வந்தன. பல இலட்சம் மாணவர் கைகளில் தமிழ் பேசும் லினக்ஸ் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பது என் வருத்தம். பொறியைத் தந்தோம்; அதன் முதல் ஆணையை மாற்றும் அறிவைத் தரவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில், உள்ளே இருக்கும் படங்கள், பாடங்கள், கணக்குகள் அனைத்தையும் வெளியே படியெடுத்து வையுங்கள். 32 கிகாபைட் சேமிப்பில் இரண்டு இயங்குதளங்களுக்கு இடமில்லை. பழையதை அழித்தே புதியதை நிறுவ வேண்டும். அழிந்தபின் தேடிப் பயனில்லை. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல். 2 கிகாபைட் நினைவகத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி திரைமுகம் பொருந்தும். டெபியன், லுபுண்டு, லினக்ஸ் மின்டின் எளிய பதிப்பு ஆகியவை இவற்றைத் தருகின்றன. 2008 காலத்து ஆட்டம் என்270 போன்ற தூய 32 இருமச் செயலியாக இருந்தால் 2023இல் வந்த டெபியன் 12ஐப் பயன்படுத்துங்கள். 2025இல் வந்த 13ஆம் பதிப்பு அச்செயலிகளுக்கு நிறுவியைத் தருவதில்லை. டெபியன் 12இல் வேறொரு நன்மையும் உண்டு: வைஃபை சில்லுகளுக்குத் தேவையான நிலைபொருள்களை நிறுவியிலேயே சேர்த்துத் தரும் முடிவு அதில்தான் நடைமுறைக்கு வந்தது. மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் பிணையக் கம்பிக்குத் துளையே இருப்பதில்லை. வைஃபை எழவில்லையென்றால் நிறுவல் பாதியில் நின்றுவிடக்கூடும்.

இணையத்திலிருந்து இறக்கிய நிறுவல் படிமத்தின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை, வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிடாமல் விரலியில் எழுதாதீர்கள். கைப்பேசி இணைப்பில் இறக்கிய பெரிய கோப்பில் ஓர் இருமம் பிசகினாலும் நிறுவல் நடுவழியில் நின்று பொழுதைத் தின்றுவிடக்கூடும். விரலியிலிருந்து எழுந்ததும் உடனே நிறுவிவிடாமல், நிறுவாமலே பார்க்கும் வழியில் சென்று ஒலி, திரை ஒளி, தொடுபலகை, வைஃபை, படக்கருவி ஒவ்வொன்றையும் சோதியுங்கள். எல்லாம் இசைந்த பிறகே நிறுவலைத் தொடங்குங்கள். முடிந்ததும் சீரேம் என்னும் வசதியை இயக்குங்கள். அப்போதைக்குத் தேவைப்படாத நினைவகப் பக்கங்களை அது சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே அடுக்கும். பகலில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தும் அதே முறைதான். சிறு நினைவகப் பொறியில் வேகம் கூடுவதை நீங்களே உணர்வீர்கள்.

எல்லார்க்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. டாலியில் கணக்கெழுதி வாழ்க்கை நடத்துபவர் விண்டோசிலேயே இருப்பது நல்லது. சில அலுவலக வலைத்தளங்களும் மின்கையொப்பக் கருவிகளும் லினக்சில் இடக்குச் செய்யும். படிப்பவர்க்கும், எழுதுபவர்க்கும், உலாவியையே பெரிதும் பயன்படுத்துபவர்க்கும், நிரல் எழுதப் பழகுபவர்க்கும் எவ்விழப்பும் இல்லை. நிரல் பழகுபவர்க்கு ஈட்டமே மிகுதி.

நிறுவியின் முதல் திரையில் மொழி கேட்கும். அங்கே தமிழ் என்னும் சொல் தமிழ் எழுத்திலேயே இருக்கும். அது அவ்விடத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. பழைய நிறுவிகள் எழுத்துமுனையத்தில் இயங்கின. அம்முனையம் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று அடைக்கும். மொத்தம் 512 வடிவங்களுக்கு மேல் அதற்குத் தெரியாது. 'கொ' என்று எழுத வேண்டுமானால் ககரத்தின் இருபுறமும் குறிகள் வந்து அணைய வேண்டும். கட்டம் கட்டமாக அடைக்கும் முனையத்தால் அது இயலாது. 2007இல் டெபியன் 4 வரைகலை நிறுவியைக் கொண்டுவந்த பிறகே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பல அந்த முதல் திரையில் இடம் பெற்றன. அதற்கான சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கியவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். விசைப்பலகைக்கும் வழியுண்டு: 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பை ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியே சில நிமிடங்களில் சேர்த்துக்கொள்ளலாம். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் சூழ்ந்த மும்பையில், தன் கணினி தன் மொழியில் கேள்வி கேட்பதைத் தாராவிப் பிள்ளை ஒருமுறையேனும் காண வேண்டும்.

ஒருவர் இறக்கிய படிமத்தை ஊரெல்லாம் படியெடுத்துத் தரலாம். கட்டற்ற மென்பொருளின் உரிமம் அதற்கு முழு இசைவு தருகிறது. ஒரு சால் குடியிருப்பில் ஒரே ஒரு விரலி இருந்தால் எல்லா வீடுகளுக்கும் போதும். புரவ் சாலையிலேயே, தேவநாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய கிளிக்ஸ் கல்வித் திட்டத்திலும், இணையம் எட்டாத அரசுப் பள்ளிகளில் பாடங்கள் பள்ளிக்குள்ளேயே ஒரு வழங்கியில் வைக்கப்பட்டன. அதன் மென்தளத்தை அமைத்தவர்கள் அதே சாலையில் உள்ள மான்குர்த் மையத்தினர்.

1887இல் தொடங்கி இன்று மாட்டுங்காவில் இயங்கும் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிலையத்தின் மாணவர்களே, தாராவி உங்களுக்கு நடந்து போகும் தொலைவு. செம்பூரிலும் சயானிலும் உள்ள தமிழ் மன்றங்களே, உங்களிடம் கூடமும் நாற்காலியும் மின்இணைப்பும் இருக்கின்றன. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களே, எந்த வீட்டுப் பரணில் எந்த மடிக்கணினி கிடக்கிறது என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். பெரியவர்கள் செய்துகாட்டி முடித்துவிடாமல், விசையைத் தட்டி வரிசையை மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். 8 கிகாபைட் விரலி ஒன்றும், பொறியின் மின்னேற்றியும், இரண்டு மணி நேரமும் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் விரலியை நீங்கள் எழுதி வையுங்கள்.